நீல ஓட்டை வழியே நாகஸ்வரம்: பழைய டெஸ்க்டாப்பில் கேசட் பதிவு

டெஸ்க்டாப்பின் பின்பக்கம் பச்சை, ரோஸ், நீலம் என்று மூன்று ஆடியோ ஓட்டைகள் இருக்கும். பச்சையில் ஸ்பீக்கர் போடுகிறோம். ரோஸில் எப்போதாவது மைக். நீலத்தை மட்டும் பெரும்பாலான வீடுகளில் மெஷின் வாங்கிய நாள் முதல் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பழைய கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர அந்த நீல ஓட்டைதான் நேர் வழி. இன்றைய லேப்டாப்பில் இதைத் தேடினால் கிடைக்காது. ஹெட்செட்டுக்கான ஒரே ஒரு ஜாக்தான் இருக்கும். அதனால் மூலையில் கிடக்கும் பழைய மெஷினைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்.

ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையில் ஒரு ஊரில் இந்த வேலையைச் செய்தேன். கோயிலில் நாகஸ்வரம் வாசித்து ஓய்வு பெற்ற பெரியவர் வீடு. நரசிங்கம்பேட்டை அங்கிருந்து பக்கம். அவருடைய வாத்தியங்கள் எல்லாம் அந்த ஊரில் ஆச்சா மரத்தில் கடைந்தவை. அவரும் தவில் வாசித்த அவர் தம்பியும் சேர்ந்து போன கோயில் உற்சவங்கள், கல்யாணக் கச்சேரிகள் எல்லாம் கேசட்டுகளாக ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. தம்பி காலமாகிவிட்டார். அவர் கையால் அடித்த அடி இப்போது அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது.

பேரன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். "அண்ணே, இந்த யூஎஸ்பி கேசட் பிளேயர் வாங்கிடலாமா? நேரா கம்ப்யூட்டர்ல சொருகினா போதுமாம்."

வேண்டாம் என்றேன். அந்த மாதிரி கையடக்கக் கருவிகளில் மோட்டாரும் சக்கரமும் ரொம்பச் சின்னவை, நாடா ஓடும் வேகம் ஒரே சீராக நிற்காது. சினிமாப் பாட்டில் அது அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். நாகஸ்வரத்தில் மறைக்கவே முடியாது. ஒரு ஸ்வரத்தில் நீளமாகக் கார்வை கொடுத்து நிற்கும்போது வேகம் துளி ஆடினாலும் ஸ்வரமே நடுங்குகிற மாதிரி கேட்கும். அந்த வீட்டிலேயே கனமான பழைய கேசட் டெக் ஒன்று துணி போர்த்தி இருந்தது. பின்னால் ஒலி வெளியே வருவதற்குச் சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ அவுட் இரண்டு. பெல்ட் மட்டும் இளகிப் பசை மாதிரி ஆகியிருந்தது. மாற்றியதும் ஓடியது. கம்ப்யூட்டரும் இருந்தது. இரண்டையும் இணைக்க ஒரு பக்கம் ஆர்சிஏ, மறுபக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின் உள்ள ஒயர் ஒன்று போதும்.

கம்ப்யூட்டரில் இருப்பது எச்61 சிப்செட் மதர்போர்டு. 2011-ஐ ஒட்டி நம் ஊர்க் கடைகளில் எங்கே பார்த்தாலும் இருந்த வகை. பின்பக்கத் தகட்டில் கீபோர்டு, மவுசுக்கான வட்ட பிஎஸ்/2 ஓட்டைகள், மானிட்டருக்கு 15 பின் விஜிஏ, 9 பின் சீரியல் போர்ட், நான்கு யூஎஸ்பி 2.0, நெட் ஒயருக்கு ஒரு சாக்கெட், கடைசியில் இந்த மூன்று ஆடியோ ஜாக். எதற்கு எந்த நிறம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறாது. 1990-களின் கடைசியில் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த பிசி 99 வழிகாட்டியில் வகுத்தது அது. வட்ட ஓட்டையில் ஊதா கீபோர்டு, பச்சை மவுஸ்; ஆடியோ ஜாக்கில் இளநீலம் லைன்-இன், அதாவது வெளிக் கருவியின் ஒலியை உள்ளே வாங்கும் வாசல். எந்த ஊர் போர்டாக இருந்தாலும் இப்படித்தான்.

அந்த 9 பின் சீரியல் போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீட்டு மெஷினில் அதற்கு இப்போது வேலை இல்லை. ஆனால் நம் பக்கத்து ரைஸ் மில்களில் லாரி எடை மேடையிலிருந்து வரும் எடை இந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குப் போகிறது. மில்காரர்கள் பழைய போர்டை விடாமல் பழுது பார்த்து ஓட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு போர்டுக்கு மதிப்பு அதன் வேகத்தில் மட்டும் இல்லை, அதில் என்னென்ன வாசல் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

சரி, ஆடியோவுக்கு வருவோம். போர்டின் ஓரத்தில், கடைசி ஸ்லாட்டுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுரச் சிப் இருக்கும். இதில் ரியல்டெக் ஏஎல்சி 887. ஆடியோ கோடெக் என்பது இதுதான். வெளியிலிருந்து வரும் ஒலி அலையை எண்ணாக மாற்றுவதும், எண்ணைத் திரும்ப ஒலி அலையாக்குவதும் இதன் வேலை. இன்டெல் 1997-இல் கொண்டுவந்த ஏசி97 முறை முதலில் இருந்தது. 2004-இல் அதற்குப் பதிலாக எச்டி ஆடியோ வந்தது. எச்61 போர்டுகள் எல்லாம் இரண்டாவது வகை.

"போர்டோட வர்ற சவுண்டு எல்லாம் சும்மாண்ணே, தனி கார்டு போட்டாதான் நல்லாருக்கும்" என்று பேரன் சொன்னான். பல பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கேசட்டுக்கு அது பொருந்தாது. இந்தச் சிப்பின் பதிவுப் பகுதியில் இரைச்சலுக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சுமார் 90 டெசிபல். சாதாரண ஃபெரிக் கேசட்டில் அந்த இடைவெளி 50-ஐ ஒட்டித்தான். டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு போட்டுப் பதிந்த கேசட்டாக இருந்தால் 60 பக்கம் வரும். ஆக, கேசட்டின் "ஸ்ஸ்" இரைச்சலைவிடச் சிப்பின் இரைச்சல் எவ்வளவோ கீழே இருக்கிறது. 3.81 மி.மீ. அகல நாடா, நொடிக்கு 4.76 செ.மீ. வேகம், அதற்குள் அடங்கியது எதுவும் இந்தச் சிப்புக்கு மிஞ்சியது இல்லை. பதிவு கெட்டால் காரணம் பெரும்பாலும் சிப்புக்கு வெளியில்தான் இருக்கும்: அடைந்த ஜாக், தப்பான செட்டிங், எர்த் இல்லாத பிளக். இந்த வீட்டில் மூன்றுமே இருந்தன.

கேபினெட்டைத் திருப்பினேன். நீல ஓட்டை முழுக்க மண். குளவி கூடு கட்டியிருந்தது. ஆற்றங்கரை ஊர்களில் இது சாதாரணம். சாவித் துவாரம், ஜன்னல் கொக்கி ஓட்டை, பயன்படுத்தாத பிளக் பாயிண்ட் என்று விரல் நுழையாத சின்னத் துளையாகப் பார்த்து வண்டல் மண்ணை உருட்டிக்கொண்டுவந்து அடைத்துவிடும். காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிக்கொள்ளும்.

இதில் மண் அடைத்திருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. 3.5 மி.மீ. ஜாக்குக்குள் ஒலியை வாங்கும் தகடுகளோடு, பின் நுழைந்தால் நகரும் ஒரு சின்ன ஸ்விட்சும் இருக்கிறது. எந்த ஓட்டையில் பின் செருகியிருக்கிறது என்று சிப் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். ஒவ்வொரு ஜாக்கின் ஸ்விட்சோடும் ஒரு ரெசிஸ்டர் உண்டு, 5.1 கிலோ ஓம், 10, 20, 39.2 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. எல்லாம் ஒரே கம்பியில் வந்து சேரும். எந்தெந்த ஸ்விட்ச் மூடியிருக்கிறதோ அதற்கேற்ப அந்தக் கம்பியின் மொத்த ரெசிஸ்டன்ஸ் மாறும். அதை அளந்து, "நீலத்தில் மட்டும் செருகியிருக்கிறது", "நீலத்திலும் பச்சையிலும் இருக்கிறது" என்று சிப் பிரித்துச் சொல்லிவிடும். ஒரு கம்பியை வைத்துக்கொண்டு நான்கு ஜாக்கின் நிலையை அறிகிற இந்த ஏற்பாடு எனக்கு எப்போதுமே பிடிக்கும். இந்த ஓட்டையில் குளவி மண் அந்த ஸ்விட்சைத் தள்ளிப் பிடித்திருந்தது. நீலத்தில் எதையுமே செருகாமல், ஏதோ செருகியிருப்பதாகவே விண்டோஸ் காட்டிக்கொண்டிருந்தது.

சுத்தம் செய்யும்போது அவசரம் கூடாது. மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி உள்ளே தேங்கிய கரண்ட்டை இறக்கினேன். மண் உள்ளே போகாமல் வெளியே கொட்டும்படி, ஓட்டை கீழ்நோக்கி இருக்குமாறு கேபினெட்டை இரண்டு பலகைக்கு நடுவில் சாய்த்தேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை இரண்டு சொட்டு கூட்டில் ஊறவிட்டு, தென்னை ஈர்க்குச்சியால் ஓரத்திலிருந்து கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். ஊசி, கம்பி, ஸ்க்ரூடிரைவர் எதையும் விடக்கூடாது. உள்ளே இருக்கும் தகடு காகிதத்தைவிடச் சற்றுத்தான் தடிமன், ஒரு தடவை மடங்கினால் போர்டைக் கழற்றி ஜாக்கையே மாற்ற வேண்டியிருக்கும். ஈர்க்குச்சி அந்தத் தகட்டைக் கீறாமல் வளைந்து கொடுக்கும். மண் போனதும் புளோயரால் ஊதி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய ஹெட்போன் பின் ஒன்றை விட்டு விட்டு எடுத்துத் திருகினேன். தகட்டில் படிந்த பச்சைக் களிம்பு அந்த உரசலில் போனது. வயல் ஈரக்காற்று சுற்றிச் சுற்றி வரும் வீடுகளில் பயன்படுத்தாத ஜாக் எல்லாம் இப்படிக் களிம்பு பிடிக்கும். ஒரு காதில் மட்டும் கேட்பது, ஒயரை அசைத்தால் கரகரப்பது எல்லாம் பாதிக்குப் பாதி இதனால்தான்.

அடுத்து செட்டிங். ஒயரைச் செருகினேன், நீலத்தில் பின் இருப்பதைச் சரியாகக் கண்டுகொண்டது, ஆனாலும் பதிவுக் கருவிகள் வரிசையில் லைன்-இன் இல்லை. காரணம், பேரன் முன்பு ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் செட்டை இந்த மெஷினில் மாட்டி, ரியல்டெக் பேனலில் 5.1 என்று வைத்திருந்தான். மூன்று ஜாக் மட்டும் உள்ள போர்டில் 5.1 வைத்தால் பச்சை முன் ஸ்பீக்கராகவும், நீலம் பின் ஸ்பீக்கராகவும், ரோஸ் நடு ஸ்பீக்கர், சப்வூஃபராகவும் மாறிவிடும். அதாவது நீலம் ஒலியை வாங்கும் வாசலாக இல்லாமல் அனுப்பும் வாசலாகிவிடுகிறது. ஸ்டீரியோ என்று மாற்றி, நீல ஜாக்கை லைன்-இன் என்று தேர்ந்தெடுத்ததும் வரிசையில் வந்தது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அல்சாமிக்சர் என்ற ஒலி செட்டிங் புரோகிராமில் பார்த்தால் சேனல் எண்ணிக்கை 6 என்று இருக்கும். அதை 2 ஆக்க வேண்டும்.

"ரோஸ் ஓட்டையில் போட்டால் என்ன, அதுவும் வாங்குகிற ஓட்டைதானே?" என்று நிறைய பேர் கேட்பார்கள். போட்டால் சத்தம் வரும், ஆனால் பாழாகத்தான் வரும். டெக்கிலிருந்து வரும் லைன் சிக்னல் சுமார் 0.3 வோல்ட். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். அந்த மில்லிவோல்ட்டைத் தூக்கிவிடுவதற்காக ரோஸ் ஜாக்கின் வழியில் 10, 20, 30 டெசிபல் பூஸ்ட் வைத்திருக்கிறார்கள். அதில் லைன் சிக்னலைக் கொடுத்தால் தவில் அடி ஒவ்வொன்றும் முகடு வெட்டுப்பட்டுப் பொத்துப் பொத்தென்று கேட்கும். அதோடு, கம்ப்யூட்டர் மைக்குக்குத் தேவையான சிறு வோல்ட்டேஜையும் ரோஸ் ஜாக் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும்; டெக்குக்கு அது வேண்டாதது.

முன்பக்க ஜாக்கையும் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். கேபினெட்டின் முன்னால் இருக்கும் சாக்கெட்டிலிருந்து ஒரு ஒயர் போர்டின் ஆடியோ பின்கள் வரை நீளமாக வரும். எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க் கேபிள் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வரும். மவுசை நகர்த்தினால் "கிர்ர்" என்று ஒரு மெல்லிய ஒலி கேட்கிறதா, அது இந்த வழியில்தான் பெரும்பாலும் நுழைகிறது.

கேபினெட் திறந்திருந்ததால் அந்தப் பின்களையும் பார்த்துவைத்தேன். ஆடியோ பின் வரிசையும் யூஎஸ்பி பின் வரிசையும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும்: இரண்டு வரிசை, ஐந்தைந்து பின், அதில் ஒன்று இல்லாமல். எந்தப் பின் இல்லை என்பதில்தான் வித்தியாசம். ஆடியோவில் 8-வது பின் இருக்காது, யூஎஸ்பியில் 9-வது இருக்காது. ஒன்றின் பிளக்கை இன்னொன்றில் மாட்ட முடியாதபடி வேண்டுமென்றே அப்படி வைத்தது. ஆனால் மிகப் பழைய கேபினெட்டுகளில் முழு பிளக்காக இல்லாமல் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தொங்கும். அங்கே இந்தக் காப்பு இல்லை. யூஎஸ்பியின் 5 வோல்ட் கம்பியை மாற்றி மாட்டினால் போர்டுக்கோ பென் டிரைவுக்கோ ஆபத்து. போர்டின் புத்தகத்தையோ, போர்டிலேயே பின் பக்கத்தில் அச்சடித்த எழுத்தையோ பார்க்காமல் தொடக்கூடாது. முன்பக்க ஒயரில் ஏசி97, எச்டி ஆடியோ என்று இரண்டு பிளக் இருந்தால் இந்த வகை போர்டுக்கு எச்டி ஆடியோ என்று எழுதியதையே மாட்ட வேண்டும். ஏசி97 மட்டும்தான் இருக்கிறது என்றால், மெஷின் கிளம்பும்போது வரும் பயாஸ் செட்டிங்கில் முன்பக்க ஆடியோ வகையை ஏசி97 என்று மாற்றினால் சத்தம் வரும், செருகியதைக் கண்டுபிடிக்கும் வசதி மட்டும் இருக்காது.

இதெல்லாம் முடிந்து முதல் கேசட்டைப் போட்டோம். நாகஸ்வரம் வந்தது. கூடவே அடியில் "ஹூம்ம்ம்" என்று ஒரு முனகல். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"தம்பி, ஒத்துக்காரன் வேற சுருதியில ஊதற மாதிரி இருக்கே?"

ஒத்து என்பது நாகஸ்வரத்தோடு கூடவே ஒரே சுருதியை விடாமல் ஊதும் குழல்; அவர் சொன்னது சரியாகப் பொருந்தியது. விடாமல், மாறாமல், பாட்டோடு ஒட்டாத ஒரு ஸ்வரம். ஆடாசிட்டி என்ற பதிவு சாஃப்ட்வேரில் அந்தத் துண்டின் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற படம், வரைந்து பார்த்தால் 50 ஹெர்ட்சில் ஒரு முகடு, 100-இல் ஒன்று, 150-இல் ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கரண்ட்தான் உள்ளே வந்து பாடிக்கொண்டிருந்தது.

இதைப் பிறகு சாஃப்ட்வேரில் வடிகட்டிக்கொள்ளலாம் என்று விடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. தவிலின் தொப்பிப் பக்கம், பூவரசங்குச்சியால் அடிக்கும் பக்கம், அதன் அடிநாதமும் அந்த ஹெர்ட்சுகளின் அருகில்தான் இருக்கிறது. முனகலை வெட்டினால் தொப்பியையும் சேர்த்து வெட்டும். போன மனுஷருடைய இடது கையை அழித்துவிட்டு வலது கையை மட்டும் வைத்துக்கொள்வதா? முனகல் வரும் இடத்திலேயே அடைக்க வேண்டும்.

எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நீல ஜாக்கிலிருந்து ஒயரை எடுத்துவிட்டுப் பதிந்தால் முனகல் இல்லை. ஆக போர்டு சுத்தம். ஒயரைச் செருகி, மறுமுனையை எதிலும் மாட்டாமல் விட்டால் லேசாக. டெக்கில் மாட்டி, டெக்கை அணைத்தே வைத்திருந்தாலும் முழு முனகல். அப்படியானால் டெக்கின் மோட்டார் காரணம் இல்லை. கம்ப்யூட்டரின் தகரப் பாடிக்கும் டெக்குக்கும் நடுவில் ஒயரின் மேல்வலை வழியாக ஏதோ ஓடுகிறது. புறங்கையால் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இடத்தைத் தடவினேன். மெல்லிய "சுர்".

அந்தச் சுர்ருக்கு விளக்கம் உண்டு. எஸ்எம்பிஎஸ்சின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள், ஃபேசிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று, பாடிக்கு இணைத்திருப்பார்கள். மூன்றாவது பின்னில் எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியே கசியும் துளி கரண்ட் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் பாடி 230-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் தொங்கும். மீட்டர் வைத்தால் நூறு வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது. ஆனால் அதற்குப் போக வேறு வழி இல்லாமல் ஆடியோ ஒயரின் மேல்வலை வழியாக டெக்குக்குப் போகப் பார்க்கும். அதுதான் அந்த ஒத்து.

பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்தோம். ஃபேஸ், நியூட்ரல் நடுவில் 230-ஐ ஒட்டி வந்தது. ஃபேஸ், எர்த் நடுவில் பாதிகூட இல்லை, முள் ஒரு இடத்தில் நிற்கவும் இல்லை. எர்த் கம்பி சுவருக்குள் இருக்கிறது, மண்ணோடுதான் தொடர்பு இல்லை.

இது நடந்தது நல்ல கோடை. மேட்டூர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்னால் எங்கள் பக்கம் வாய்க்கால் எல்லாம் வறண்டு, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எர்த் குழாயைச் சுற்றியுள்ள மண்ணும் அப்படித்தான் சுருங்கிக் குழாயை விட்டு விலகிவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் சுர்ரென்று பிடிக்காத கம்ப்யூட்டர் சித்திரை, வைகாசியில் பிடிக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், எர்த் குழியைப் பாருங்கள். ஒயர்மேனை வரச்சொன்னோம். கொல்லையில் குழாயின் தலையைத் தோண்டிப் பார்த்தால் கிளாம்ப் துருவாகவே மாறியிருந்தது. புது கிளாம்ப் போட்டு, குழியில் கரியும் உப்பும் நிரப்பி, குடம் குடமாகத் தண்ணீர் விட்டார். குளியலறைத் தண்ணீர் போகும் ஓடையை அந்தப் பக்கமாகத் திருப்பியும் விட்டார். இனி கோடையிலும் ஈரம் இருக்கும். மீட்டர் இப்போது ஃபேஸ், எர்த் நடுவில் முழு வோல்ட்டேஜ் காட்டியது, நியூட்ரல், எர்த் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்.

கேசட்டைத் திரும்பப் போட்டோம். ஒத்துக்காரன் போய்விட்டான்.

இதற்கு நேர்மாறான ஒரு வைத்தியம் ஊரில் உலவுகிறது: பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் முனகல் நின்றுவிடும் என்று. சில இடங்களில் நிற்கவும் செய்யும். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஒரு ஃபேஸ் கம்பி கழன்று பாடியில் பட்டால் ஃபியூசைப் பறக்கவிட்டு உயிரைக் காப்பது அந்தப் பின்தான். இரண்டு எர்த்துக்கு நடுவில் சுற்றும் கரண்ட்டால் முனகல் வருகிறது என்றால், கம்ப்யூட்டர், டெக், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்சில் மாட்டினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

கரண்ட் விஷயத்தில் இன்னொன்று. ஊரில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டால் பதிவை நிறுத்திவிடுவோம். சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் ஓடும்போது அந்த இரைச்சல் அப்படியே பதிவில் ஏறுகிறது. பக்கத்து வயலில் பம்புசெட் மோட்டார் போடும் சமயத்தில் விளக்கு ஒரு கணம் மங்கும், பதிவில் "டக்" என்று ஒன்று விழும். அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம், மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்தோம்.

லெவல் வைப்பதற்கு வர்ணத்தையோ கீர்த்தனையையோ வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கச்சேரியில் உரக்க வருவது தவில் மட்டும் தனியாக வாசிக்கும் 'தனி'. வலந்தலையில், அதாவது தவிலின் வலது பக்கத்தில், விரல் கூடு போட்ட அடி விழும்போது மீட்டர் சராசரியிலிருந்து ஒரே எம்பாக எம்பும். டிஜிட்டலில் பூஜ்ய டெசிபல் என்ற உச்சியைத் தொட்டதற்கு அப்புறம் எதுவும் இல்லை, வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். ஆகவே ஒவ்வொரு கேசட்டிலும் தனி இருக்கும் இடத்தை முதலில் ஓட்டி, அந்த அடி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி லைன்-இன் அளவைக் குறைத்தோம். நாகஸ்வரம் அதற்குக் கீழே, கொஞ்சம் அடங்கினது மாதிரி தெரியும். பரவாயில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். விண்டோசில் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று இருப்பதை எல்லாம் அணைத்துவிட வேண்டும்; பேச்சுக்காகச் செய்த இரைச்சல் நீக்கி நாகஸ்வரத்தின் நீண்ட கார்வையை இரைச்சல் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். பதிவின் தரம் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. விண்டோஸ் செட்டிங்கிலும் ஆடாசிட்டியிலும் அதே எண். ஒரு மணி நேரக் கேசட்டுக்குச் சுமார் 635 எம்பி ஆகும்.

பெரியவர் இல்லாமல் செய்திருக்கவே முடியாத வேலை ஒன்று அடுத்து வந்தது. திருவிழாவில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது, பதிந்த ஒரு கேசட். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

"இது மூணு கட்டையில கேக்குது. நான் அந்த வருஷமெல்லாம் ரெண்டரைதான் வாசிச்சேன்."

கட்டை என்பது சுருதியின் அளவு. பதிந்த டேப்ரெக்கார்டரில் பேட்டரி தளர்ந்திருந்தால் அன்று நாடா மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிக் கேட்கும். இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு அரை ஸ்வரம். அதிர்வெண்ணில் அது 5.9 சதவீதம். ஆடாசிட்டியில் வேகத்தை 0.944 மடங்காக்கினேன். சுருதிப் பெட்டியை இரண்டரையில் வைத்து அவர் மடியில் கொடுத்தேன். கேட்டார். இன்னும் ஒரு நூல் இறக்கச் சொன்னார். 0.942. "இப்ப சரி" என்றார். சுருதி இறங்கியதோடு காலமும் இறங்கியது. அதுவரை கொஞ்சம் ஓட்டமாகத் தெரிந்த மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கு உரிய நிதானத்தில் நடந்தது. சுருதியை மட்டும் மாற்றும் வசதியும் அந்த சாஃப்ட்வேரில் இருக்கிறது. இங்கே அது தப்பு. வேகமும் சுருதியும் சேர்ந்தே கெட்டிருக்கின்றன, சேர்ந்தேதான் திருத்த வேண்டும்.

கேசட்டைப் போடும் முன் செய்கிற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் டெக்கில் போடுவதற்கு முன்பே தனியாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். இரண்டு பக்கமும் ஒரு தடவை முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் பதிவு. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டை ஆல்கஹால் பஞ்சால் துடைத்தோம். டால்பி பட்டன், அட்டையில் குறி இருந்தால் மட்டும்.

நகல் எடுக்க வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பின்பக்க யூஎஸ்பியில் மாட்டினோம். முன்பக்கத்தில் மாட்டினால் "டிக் டிக்" என்று சத்தம் போட்டுக் காணாமல் போனது. நீள ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கி டிஸ்க்குக்குப் போதவில்லை. யூஎஸ்பி 2.0 ஓட்டை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். பின்பக்க ஓட்டைகள் போர்டிலேயே பற்றவைத்தவை என்பதால் நடுவில் இழப்பு இல்லை. நொடிக்கு 30 எம்பி என்று வைத்தாலும் ஒரு கேசட் இருபது நொடியில் போய்விடுகிறது. இந்த வேலைக்கு அதற்கு மேல் வேகம் எதற்கு?

பயாஸ் பேட்டரி தீர்ந்துபோய்த் தேதி பின்னால் போயிருந்தது. சிஆர் 2032 ஒன்று புதிதாகப் போட்டோம், ஃபைல்களில் தேதி ஒழுங்காக விழ வேண்டும் என்பதற்காக. மூலப் பதிவை எதுவும் திருத்தாமல், ஒலியில் எதையும் இழக்காத ஃபிளாக் வடிவில் ஒரு நகல். வேகம் திருத்தியது தனியாக. குடும்பத்தார் போனில் கேட்க எம்பி3. டிஸ்க் இரண்டு, ஒன்று பெரியவர் வீட்டில், ஒன்று கும்பகோணத்தில் மகள் வீட்டில்.

பயன்படுத்தாத ஜாக்குகளுக்கும் யூஎஸ்பி ஓட்டைகளுக்கும் பத்து ரூபாய்க்குள் ரப்பர் மூடி கிடைக்கிறது. அதை எல்லாவற்றிலும் போட்டுவிட்டு வந்தேன். பெட்டியில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மிச்சத்தைப் பேரனே பதிந்துகொண்டிருக்கிறான். ராகம், ஊர், யார் யார் வாசித்தது என்ற விவரத்தைப் பெரியவர் கேட்டுச் சொல்லச் சொல்ல ஃபைல் பெயரில் ஏற்றுகிறான். அட்டையில் எதுவும் எழுதாத சில கேசட்டுகளைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.